வைக்கோற்போரும் கூரை வீடும்: தீ வருமுன் காப்போம்

அறுவடை முடிந்து, வைக்கோலைப் போராகப் போட்டுவிட்டால் அந்த ஆண்டின் தீவனக் கவலை தீர்ந்தது என்று நாம் நிம்மதி அடைகிறோம். விதை நேர்த்தி முதல் மூட்டை பிடிப்பது வரை ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கும் உழவர் பெருமக்கள், போர் போடும் இடத்திற்கும் முறைக்கும் அவ்வளவாகக் கணக்குப் பார்ப்பதில்லை. காலியாக இருக்கும் இடத்தில், பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையை ஒட்டியே, போட்டுவிடுகிறோம். அந்த இடம் தவறானது என்பது தீப்பற்றும் அன்றுதான் தெரிகிறது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் மழை பெய்தது. அடுத்த மாதம் வயல் ஆய்வுக்காக ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் உழவரின் வைக்கோற்போர் முந்தின இரவு எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. அவருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. ஆகவே தீ வைத்தது அவர்தான் என்று வீட்டார் முடிவு கட்டி, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

எரியாமல் மிஞ்சியிருந்த ஓரக் கட்டுகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தோம். வெளிப்புறம் மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. உட்புறம் கருகிக் கறுத்திருந்தது. விசாரித்தபோது, மழையில் நனைந்த வைக்கோலை நன்றாகக் காயுமுன்பே இயந்திரத்தால் கட்டி அடுக்கியதும், நான்கைந்து நாட்களாகப் புகையிலை வாடை வீசியதும், விடியற்காலையில் போரின் உச்சியிலிருந்து ஆவி எழும்பியதும் தெரியவந்தன. அந்த ஆவியைப் பனி என்று எண்ணியிருந்தார்கள். அந்தப் போருக்கு எவரும் தீ வைக்கவில்லை. அது உள்ளிருந்தே எரிந்திருக்கிறது. புகார் கொடுக்கப்படவில்லை. ஆனால் மூன்று மாடுகளுக்கான ஓராண்டுத் தீவனம் போனது போனதுதான்.

நம் சிற்றூர்களில் தீயின் அளவைத் தீர்மானிப்பது தீப்பற்றும் நாளன்று. போர் போட்ட நாள், கூரை வேய்ந்த நாள், மாடு கட்டிய முறை ஆகியவையே அதை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றன. நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் ஒரு கூரை முழுவதும் எரிந்துவிடும். ஆகவே, தீ வருமுன் நம் கையால் செய்யக்கூடியவற்றை இங்கு காண்போம்.

ஈர வைக்கோல் தானே எரிவது எப்படி?

எருக்குழியைக் கிளறும்போது உள்ளே கைபொறுக்காத சூடு இருப்பதை அனைவரும் அறிவோம். நுண்ணுயிர்கள் ஈரமான சாணத்தையும் குப்பையையும் சிதைக்கும்போது அந்தச் சூடு உண்டாகிறது. ஈர வைக்கோலிலும் இதுவே நடைபெறுகிறது. போர் சிறியதாகவும் தளர்வாகவும் இருந்தால் சூடு வெளியேறிவிடும். பெரிய போரிலும், இயந்திரத்தால் இறுக்கிக் கட்டி நெருக்கமாக அடுக்கிய கட்டுகளிலும் சூடு வெளியேற வழியின்றி நடுவில் தங்கிவிடுகிறது. வைக்கோல் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால், வெளியே கை வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சூடு தெரியாது.

வெப்பநிலை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆனால் சூடு அத்துடன் நிற்பதில்லை. அதன் பிறகு வைக்கோலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நேரடியாக வேதிவினை புரிந்து மேலும் சூட்டை உண்டாக்குகின்றன. நடுப்பகுதி கருகுகிறது. அந்த நிலையில் காற்று உள்ளே புகுந்தால் தீச்சுவாலை கிளம்புகிறது. போர் போட்ட இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை இந்த ஆபத்து அதிகம். நிலக்கடலைக் கொடி, பயறுவகைக் கொடிகள் ஆகியவற்றைப் பச்சை மாறுமுன் அடுக்கினால் இவ்வாறு சூடேறும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஆகவே வைக்கோலின் ஈரம் 15 சதவீதத்திற்கு மேற்படாமல் காய்ந்த பிறகே போர் போட வேண்டும். ஒரு பிடி வைக்கோலை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். சலசலவென்று ஒலித்துச் சட்டென ஒடிந்தால் காய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஒடியாமல் கயிறுபோல் திரிந்தாலும், கணுவை நகத்தால் கிள்ளும்போது ஈரம் தெரிந்தாலும் மேலும் காயவிட வேண்டும். மழையில் நனைந்த வைக்கோலைக் காய்ந்த வைக்கோலுடன் கலந்து போடக் கூடாது. தனியே, சிறிய குவியலாக வைத்து முதலில் தீவனமாகப் பயன்படுத்திவிடலாம். பூசணம் பிடித்துவிட்டால் தீவனமாகக் கொடாமல் எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும்.

கம்பிச் சோதனை

புதிய போரில் சூடு ஏறுகிறதா என்பதைச் செலவின்றிக் கண்டறியலாம். 6 அடி நீளமுள்ள இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி 20 நிமிடம் விட்டு வைக்க வேண்டும். பின்னர் வெளியே எடுத்து, நுனிப்பகுதியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

1. கம்பி குளிர்ந்தோ இலேசான வெதுவெதுப்புடனோ இருந்தால் கவலையில்லை. வாரம் இருமுறை சோதனையைத் தொடரவும்.

2. சூடாக இருந்தும் கையில் பிடிக்க முடிந்தால், அன்றே பகல் வேளையில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, போரைப் பிரித்து உலர்த்த வேண்டும்.

3. பிடிக்க முடியாத சூடு இருந்தாலும், கருகல் வாடை அல்லது புகை தெரிந்தாலும் போரைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் காற்றுப் புகுந்து தீ மூண்டுவிடும். போரின் மேல் ஏறவும் கூடாது. உட்பகுதி கருகிப் பொந்தாகியிருந்தால் ஏறியவர் உள்ளே விழுந்துவிடுவார். மாடுகளை அப்புறப்படுத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்திற்குத் தகவல் கொடுத்து, அவர்கள் முன்னிலையிலேயே பிரிக்க வேண்டும்.

போர் போட ஏற்ற இடம்

வீடு, கொட்டகை, சமையல் அடுப்பு ஆகியவற்றிலிருந்து போர் குறைந்தது 60 அடி தள்ளியிருப்பது நல்லது. சிறு உழவர்கள் பலருக்கு அவ்வளவு இடம் இருப்பதில்லை என்பதை அறிவோம். அவர்கள் கீழ்க்கண்ட வழிகளைக் கையாளலாம்.

முதலாவதாக, காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். தைப் பொங்கலை ஒட்டிப் போடும் போர் கோடையைத் தாண்டி ஆடிக் காற்று வரை நிற்கிறது. அந்த மாதங்களில் உள்மாவட்டங்களில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசுகிறது. ஆகவே வீட்டிற்கு வடக்கிலோ கிழக்கிலோ போர் இருந்தால் தீப்பொறி வீட்டை நோக்கிப் பறக்காது. கடலோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று வீசும். எனவே அந்தந்த ஊர்க் காற்றைப் பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். உங்கள் போர் பக்கத்து வீட்டுக்குக் காற்று முகப்பாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமையே.

இரண்டாவதாக, ஒரே பெரிய போருக்குப் பதில், இடைவெளி விட்டு இரண்டு சிறு போர்களாகப் போடலாம். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். மூன்றாவதாக, அண்டை நிலத்தார் சேர்ந்து ஊருக்கு வெளியே பொதுக் களத்தில் போர்களைப் போட்டு, வாரத் தேவையை மட்டும் வீட்டிற்குக் கொண்டுவரலாம்.

எங்கே போட்டாலும் போரைச் சுற்றி 6 அடி அகலத்திற்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியில் போர் போடுவது முற்றிலும் தவறு. காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்போது விழும் பொறி ஒன்றே போதும். வைக்கோல் ஏற்றிய வண்டிகள் தாழ்வான மின்கம்பியில் உரசித் தீப்பற்றுவதும் அடிக்கடி நிகழ்கிறது. பாரத்தின் உயரத்தைக் குறைத்து ஏற்றுவதுடன், தெருவுக்குள் வரும்போது ஒருவர் முன்னே நடந்து கம்பிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பியைக் கோலால் தூக்கிவிட்டு வண்டியை விடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது. தொங்கும் கம்பியைப் பற்றி மின்வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பழக்கத்தால் வரும் தீ

அடுப்புச் சாம்பலைக் குப்பை மேட்டில் கொட்டுவது நம் வழக்கம். மேலே ஆறிய சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிருடன் இருக்கும். காற்று வீசும்போது அது பறந்து போரில் விழுகிறது. சாம்பலில் தண்ணீர் தெளித்து, கிளறி, மீண்டும் தெளித்த பின்பே கொட்ட வேண்டும். கொட்டகையில் கொசுவுக்காகப் போடும் வேப்பிலை மூட்டத்தைத் தரையில் போடாமல், பழைய இரும்புச் சட்டியில், மாடு உதைக்க முடியாத இடத்தில் வைத்து, உறங்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். பீடித் துண்டு, கார்த்திகையின் சொக்கப்பனைப் பொறி, தீபாவளி வாணம் ஆகியவற்றையும் மறக்கலாகாது.

வயலில் தாளையும் கரும்புச் சோகையையும் கொளுத்துவதால் மண்ணின் அங்ககப் பொருள் குறைவதுடன், தீ வரப்பு தாண்டி அடுத்தவர் கரும்புக்கும் குடிசைக்கும் பரவுகிறது. கரும்புச் சோகையை வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் கட்டுப்படும்.

கூரை வீட்டுப் பாதுகாப்பு

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ மேல்தளத்துக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அடுப்புக்கு மேலே கீற்று இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வீடு முழுவதற்கும் ஓடு போட வசதியில்லாதவர்களும் அடுப்பு உள்ள பகுதிக்கு மட்டுமாவது ஓடோ தகரமோ போட்டு, அடுப்பைச் சுற்றி மண்சுவர் எழுப்ப வேண்டும். அடுப்புப் பகுதியைத் தனிக் கட்டடமாக வைப்பது இன்னும் சிறந்தது.

கூரைக்குக் களிமண், சாணம், துண்டு வைக்கோல் கலந்த பூச்சைப் பூசினால் தீ பிடிப்பது தாமதப்படும். பூச்சு மழையில் கரைந்துவிடுவதே இதிலுள்ள குறை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மண்பூச்சில் தார்க் கலவை சேர்த்து மழைக்குக் கரையாத முறையை உருவாக்கியுள்ளது. பூச்சின் எடையைத் தாங்கும் வகையில் கழிகளும் தூண்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எரியும் எண்ணெய்த் திரியை எலி இழுத்துச் சென்று கூரையில் போடுவதுண்டு. அகல் விளக்கை இரவு முழுதும் திறந்தபடி வைக்க வேண்டாம். மின்கம்பியைக் கீற்றின் மேல் படும்படி இழுக்காமல், குழாயினுள் செலுத்தித் தாங்கிகளில் பொருத்த வேண்டும். ஒட்டுப் போட்ட கம்பியும் தளர்ந்த இணைப்பும் சூடேறும். செல்பேசியைக் கூரைச் செத்தையில் செருகி மின்னேற்றம் செய்யக் கூடாது. கசிவு மின்சாரத்தை உணர்ந்து உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வது நல்லது.

சமையல் எரிவாயு உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும். வாடை தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். ரப்பர்க் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

மாட்டுக் கொட்டகை

மனிதர் ஓடிவிடுவர், கட்டிய மாடு ஓட முடியாது. எனவே கொட்டகையில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

1. கொட்டகைப் பரணில் வைக்கோலை அடைக்காமல், ஓரிரு நாள் தேவைக்கு மட்டும் வைக்கவும்.

2. கொட்டகைக்கு எதிரெதிராக இரண்டு வழிகள் இருக்கட்டும். இரவில் வெளிப்பூட்டுப் போட்டால் சாவி இருக்கும் இடம் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடவும். சங்கிலியானால் கொக்கியில் மாட்டும் வகையாக இருக்கட்டும். வாயிலருகே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஓர் அரிவாளைத் தொங்கவிடவும்.

4. தீயைக் கண்டு மிரண்ட மாடு இடத்தை விட்டு நகர மறுக்கும். கண்ணை ஈரச் சாக்கால் மறைத்து நடத்தலாம். வெளியே கொண்டுவந்த மாட்டைத் தொலைவில் கட்டவும். கட்டாவிட்டால் பழகிய கொட்டகைக்கே திரும்பிப் போகக்கூடும்.

கூரை எரிந்து விழத் தொடங்கிய பிறகு, மாட்டுக்காக எவரும் உள்ளே நுழையக் கூடாது. மாட்டை மீண்டும் வாங்கலாம். காப்பீடு செய்திருந்தால், காது வில்லை இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் உள்ள கருவிகளே போதும்

தீயணைக்கப் புதிய கருவிகளை வாங்க வேண்டும் என்பதில்லை. கைத்தெளிப்பானும் விசைத்தெளிப்பானும் தொடக்க நிலையிலுள்ள தீயை அணைக்க மிகவும் ஏற்றவை. கூரை மேல் விழுந்த பொறியைக் குடத்து நீரால் எட்ட முடியாது, தெளிப்பானால் எட்டலாம். கோடை மாதங்களில், நன்றாகக் கழுவிய தெளிப்பான் ஒன்றில் தூய தண்ணீரை நிரப்பி வைக்கவும். பூச்சிமருந்து தங்கிய தெளிப்பானைப் பயன்படுத்த வேண்டாம்.

கிணற்றுப் பம்புசெட்டின் வாயில் பொருத்தக்கூடிய நீளக் குழாய் ஒன்று இருந்தால் அது பேருதவியாக இருக்கும். ஆனால் தீ நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியிருக்கலாம். ஆகவே தெருவுக்கு ஒரு டீசல் எஞ்சினாவது தயாராக இருப்பது நல்லது. இவற்றுடன் ஏணி, கூரையைப் பிரித்திழுக்க நீண்ட துரட்டி, இரண்டு வாளி மணல், சாக்குகள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொதுவான ஓரிடத்தில் வைக்கவும்.

தீப்பற்றினால்

முதலில் குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றுங்கள். ஒருவர் 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து, ஊர்ப் பெயர், வழி, எரியும் பொருள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்படும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணைக்கவும். எரியும் போரை முழுதும் அணைக்க முயல்வதைவிட, காற்று வீசும் திசையிலுள்ள அடுத்த கூரைகளை நனைப்பதே பயன் தரும்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். அல்லது கம்பளியால் போர்த்தி அணைக்கலாம். தீப்புண்ணின் மேல் 20 நிமிடம் தூய குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள், சாணம், பற்பசை, மை எதையும் பூசாமல், தூய துணியால் மூடி, 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

தீ அணைந்த பிறகு கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் கொடுங்கள். எவர் மீதேனும் சந்தேகம் கொள்ளுமுன், மிஞ்சிய வைக்கோலின் உட்புறத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஊர் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியவை

ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆகவே மாசி மாதத்திலேயே தெருவார் ஒருமுறை கூடி, யார் அழைப்பது, யார் மின்சாரத்தை நிறுத்துவது, யார் எஞ்சினை இயக்குவது, நடக்க இயலாதவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய 12 அடி வழியாவது தடையின்றி இருக்க வேண்டும். வண்டிக்கு வழிகாட்ட ஒருவர் சாலை முனையில் நிற்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில், பருத்திப் பொதிகளும் வெடிபொருள்களும் ஏற்றிய கப்பலில் பற்றிய தீயை அணைக்கச் சென்று உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக இது அமைந்தது. இவ்வாரத்தில் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, உங்கள் தெருவிலேயே செயல்விளக்கம் நடத்தச் சொல்லுங்கள். உழவர் குழுக்களும் மகளிர் குழுக்களும் இதற்கு ஏற்பாடு செய்யலாம்.

உழவர் பெருமக்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் வெளியே சென்று உங்கள் போரிலிருந்து கொட்டகைக்கு எத்தனை அடி என்று காலால் அளந்து பாருங்கள். புதிய போரானால் கம்பி செருகிச் சோதியுங்கள். இன்றிரவு மாட்டைக் கட்டும்போது முடிச்சை மாற்றுங்கள். இம்மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும், காசு செலவில்லை. நனைந்த வைக்கோலை இன்னும் இரண்டு நாள் காயவிடும் பொறுமை, ஓராண்டுத் தீவனத்தையும் ஒரு தெருவின் உறவையும் காக்கும்.